சுழி பார்த்துக் கார் வாங்குதல்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

மாடு வாங்கச் சந்தைக்குப் போகிறவர்கள் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நான்கு அடி நடக்க விட்டுக் குளம்பைப் பார்ப்பார்கள். கொம்புக்குப் புது வர்ணம் பூசிக் கழுத்தில் சலங்கை கட்டியிருக்கிறது என்பதற்காக யாரும் விலையைக் கூட்டிக் கொடுத்துவிடுவதில்லை. ஆனால் பழைய கார் வாங்கப் போகிறவர்களில் பலர், படித்தவர்கள் உட்பட, வர்ணத்தையும் சலங்கையையும் பார்த்துவிட்டே பணத்தை எண்ணி வைத்துவிடுகிறார்கள் என்பதைச் சென்ற ஆண்டு நேரில் கண்டேன். நேரில் என்றால் கைப்பேசியின் திரையில்.

நகரப் பேருந்தில் நின்றுகொண்டே கல்லூரிக்கு வரும் உனக்கு, இங்கிலாந்தின் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி எழுத என்ன தகுதி என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். என் தந்தையார் திருச்சியில் டிங்கர் வேலை செய்பவர். பன்னிரண்டாம் வயதில் பட்டறைக்கு எடுபிடியாகப் போனவர். பள்ளிப் படிப்பு அத்தோடு நின்றுபோயிற்று. அவர் வேலை பழகிய நாளில் ஊர் டாக்டர் ஒருவரிடம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று இருந்தது. ஆண்டுக்கு ஒரு முறையாவது அது எங்கள் பட்டறைக்கு வரும். அந்த டாக்டரின் மகன் இப்போது இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரில் பொறியாளராக இருக்கிறார். சிறு வயதில் அந்த ஹெரால்டின் பின் இருக்கையில் உட்கார்ந்து வளர்ந்தவர். நாற்பத்தேழு வயதில் அவருக்கு ஓர் ஆசை பிறந்தது: ஹெரால்டின் உடன்பிறப்பான டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் கார் ஒன்றை வாங்கி, விடுமுறை நாட்களில் தன் கையாலேயே சீர்செய்து ஓட்டவேண்டும். வாங்குவதற்கு முன் 'மேஸ்திரி ஒரு பார்வை பார்த்துவிடட்டும்' என்று என் தந்தையாரை அழைத்தார். விளம்பரங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. ஆகவே மொழிபெயர்ப்பாளர் பதவி எனக்குக் கிடைத்தது. அந்த மூன்று மாதங்களில் படித்ததும் கேட்டதும் தவறாகப் புரிந்துகொண்டதும்தான் இக்கட்டுரை.

முதலில் இந்தக் கார்களின் பிறப்பைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். 1950-களில் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனம் ஒரு புதிய சிறு காரைத் திட்டமிட்டது. அக்காலத்தில் சேஸ் என்னும் தனிச் சட்டம் இல்லாமல், உடலே சட்டமாக நிற்கும் ஒற்றை உடல் அமைப்பு பரவி வந்தது. ஆனால் அந்நிறுவனத்துக்கு உடல் தகடுகளை அழுத்திக் கொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ என்னும் நிறுவனத்தை 1953-இல் போட்டிக் குழுமமான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு உடலைச் செய்து தர ஆளில்லாத நிலையில், பல இடங்களிலிருந்து துண்டு துண்டாகத் தகடுகளை வாங்கி, ஒரு தனிச் சட்டத்தின்மேல் போல்ட்டுகளால் பூட்டும் பழைய முறைக்கே திரும்பினார்கள். இத்தாலியரான மிக்கெலோட்டி உருவம் வரைந்தார். 1959-இல் வெளிவந்த அந்தக் கார்தான் ஹெரால்டு. வேறு வழியின்றிச் செய்த ஏற்பாடே பிறகு வசதியாயிற்று. தனிச் சட்டம் இருந்தால் அதை வெட்டிக் குறுக்கி வேறு உடலைப் பூட்டிவிடலாம் அல்லவா? ஹெரால்டின் சக்கர இடைவெளி 91½ அங்குலம். அதை 83 அங்குலமாகக் குறுக்கி, இருவர் மட்டும் அமரும் திறந்த காராக மிக்கெலோட்டி வரைந்ததே ஸ்பிட்ஃபயர். நிறுவனத்தில் பணமில்லாமல் அந்த முன்மாதிரி வண்டி ஒரு மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. 1961-இல் நிறுவனத்தை வாங்கிய லேலண்டு அதிகாரிகள் சுற்றிப் பார்க்கையில் துணியை விலக்கிப் பார்த்து, 'இதைச் செய்யலாம்' என்றார்கள். 1962-இல் கார் சந்தைக்கு வந்தது. 1980 வரை கோவென்ட்ரியின் கேன்லி தொழிற்சாலையில் 3 இலட்சத்து 14 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் உருவாயின.

நம் பக்கத்து உறவு இங்கேதான் வருகிறது. அதே ஹெரால்டை 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் செய்தது. பின்னால் நான்கு கதவு வைத்த ஹெரால்டும் வந்தது. அது இந்தியாவில் மட்டுமே உண்டு. பெயர்ப் பலகையில் டிரையம்ப் என்றில்லாமல் ஸ்டாண்டர்டு என்று இருக்கும், அவ்வளவுதான். முன்பக்கம் முழுவதும், மட்கார்டும் பானட்டும் ஒன்றாக, முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும் அந்த அமைப்பு ஸ்பிட்ஃபயருக்கும் உண்டு. முதல் படத்தைத் திரையில் பார்த்தவுடன் என் தந்தையார், "இது நம்ம வண்டிதாம்மா, கூரையைக் கழட்டி வச்சிருக்கான்" என்றார்.

டாக்டர் வீட்டு அண்ணன் ஸ்பிட்ஃபயரை மட்டும் பார்க்கவில்லை. அதே 1962-இல் தொடங்கி அதே 1980-இல் நின்றுபோன எம்.ஜி.பி. என்ற காரையும் பார்த்தார். ஆபிங்டன் ஊரில் ஐந்து இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட வண்டி அது, 1798 சி.சி. எஞ்சின், ஒற்றை உடல் அமைப்பு. வலுவும் வேகமும் அதற்கே அதிகம். கூரை மூடிய ஜி.டி. வகை, திறந்த வகையைவிட விலை குறைவாகக் கிடைக்கும். 1974-இன் பிற்பகுதியில் அமெரிக்கச் சட்டத்துக்காகக் கறுப்பு ரப்பர் பம்பர் வைத்து வண்டியையும் உயர்த்திவிட்டார்கள். அழகு கெட்டது என்று பலர் அந்த வண்டிகளை ஒதுக்குவதால் அவையும் மலிவு. இன்னும் மேலே ஜாகுவார் இ-டைப் போன்றவை இருக்கின்றன. அவற்றில் 'இலேசான சீரமைப்பு' என்று எதுவும் கிடையாது. யானை கட்டித் தீனி போடும் கதை.

இலேசான சீரமைப்பு என்றால் என்ன? நான் முதலில், செலவு குறைவான சீரமைப்பு என்று எண்ணிக்கொண்டேன். அது தவறு. எலும்பு நன்றாக இருந்து தோலும் சதையும் மட்டும் நலிந்த வண்டிக்குச் செய்வதே இலேசான சீரமைப்பு. பிரேக் சிலிண்டர், ரப்பர்க் குழாய், கார்புரேட்டர், இருக்கைத் துணி, மேற்கூரைத் துணி, மின்கம்பி இவையெல்லாம் கெட்டிருந்தால் கெட்டிருக்கட்டும். இலட்சக்கணக்கில் செய்த வண்டிகளாதலால் ஏறத்தாழ எல்லா உதிரிப் பாகமும் அங்கே இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. எம்.ஜி.பி.க்கு முழு உடற்கூட்டையே 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் பழைய அச்சுகளைக் கொண்டே செய்து விற்கிறது. சாதாரணத் திருகுளியும் ஸ்பேனரும் பொறுமையும் இருந்தால் வாரக் கடைசியில் ஒருவர் செய்துகொள்ளலாம். தகடு செத்துப்போயிருந்தால் நிலைமை வேறு. வெட்டி, பற்றவைத்து, நேர்பார்த்து, வர்ணம் அடிக்க ஆகும் கூலி வண்டியின் விலையையே தாண்டும். ஆகவே எஞ்சின் நன்றாகவும் தகடு மோசமாகவும் இருக்கும் வண்டியைவிட, தகடு நன்றாகவும் எஞ்சின் மோசமாகவும் இருக்கும் வண்டியை வாங்கவேண்டும். இந்த ஒரு வரியை என் தந்தையார் முதல் நாளே சொல்லிவிட்டார். அதன் பொருள் எனக்கு விளங்க இரண்டு மாதம் ஆயிற்று.

அண்ணன் இரண்டு ஸ்பிட்ஃபயர்களின் விளம்பரங்களை அனுப்பினார். ஒன்று சிவப்பு, 1975-ஆம் ஆண்டு வண்டி, 1493 சி.சி. எஞ்சின், விலை 6,900 பவுண்டு. நம் பணத்தில் ஏழு இலட்சத்தைத் தாண்டும். கண்ணாடிபோல் பளபளக்கும் வர்ணம், புதுக் கூரைத் துணி, புது இருக்கை. மற்றது மஞ்சள், 1972, 1296 சி.சி.; 4,300 பவுண்டு. வர்ணம் வெளுத்துப்போய், கூரை கிழிந்து, ஆறு ஆண்டுகளாகக் கொட்டகையில் நின்ற வண்டி. சிவப்பு வண்டியின் விளம்பரத்தில் இருந்ததை நான் 'முழுமையாகச் சீரமைக்கப்பட்டது' என்று மொழிபெயர்த்தேன். மஞ்சள் வண்டிக்கு 'ரீகமிஷனிங் தேவை' என்று இருந்தது. அதை 'ஓடாத வண்டி' என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, நெடுநாள் நின்ற வண்டிக்கு எண்ணெய், பிரேக், டயர் எல்லாம் புதுப்பித்து மீண்டும் சாலைக்குத் தயார் செய்வதைத்தான் அச்சொல் குறிக்கும் என்று. ஒரு சொல்லை நான் தவறாகச் சொன்னதில் நல்ல வண்டி ஒன்று கைநழுவப் பார்த்தது. விளம்பர ஆங்கிலம் அகராதி ஆங்கிலம் அன்று. 'பேட்டினா' என்றால் வர்ணம் போய்விட்டது என்று பொருள். 'எளிதான திட்டம்' என்றால் விற்பவருக்கு எளிதாக இருந்திருந்தால் அவரே முடித்திருப்பார் என்று பொருள்.

எனக்குப் பிடித்தது சிவப்பு வண்டிதான். அண்ணனுக்கும் அதுவே. மறுநாளே முன்பணம் அனுப்பிவிடப் போவதாகச் சொன்னார். என் தந்தையார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "பாப்பா, அந்தப் பக்கவாட்டுப் படத்தைப் பெரிசாக்கு. கதவைக் காட்டு. இன்னும் பெரிசா" என்றார். நெடுநேரம் பார்த்தார். பிறகு, "தம்பி, இந்த வண்டி வேணாம். இடுப்பு ஒடிஞ்சிருக்கு" என்றார்.

அவர் பார்த்தது கதவின் பின் ஓரத்துக்கும் உடலுக்கும் இடையே உள்ள சந்து. கீழே ஒரு விரற்கடை இருந்த சந்து, மேலே வரவரக் குறுகி நூலாகிவிட்டிருந்தது. இது எதைக் காட்டுகிறது என்று எண்ணிப் பாருங்கள். திறந்த காருக்குக் கூரை கிடையாது. கூரையுள்ள காரில் மேலும் கீழுமாக இருந்து உடலைத் தாங்கும் இரு விட்டங்களில் ஒன்று இங்கே இல்லை. ஹெரால்டின் சட்டத்தில் இருபுறமும் ஓடிய பக்கச் சட்டங்களை ஸ்பிட்ஃபயரில் எடுத்துவிட்டு நடு முதுகெலும்பை மட்டும் வைத்தார்கள். ஆகவே கதவுக்குக் கீழே முன்னிருந்து பின்னாக ஓடும் பெட்டி வடிவமான சில் தகடுகள்தாம் பாரத்தில் பெரும்பங்கைச் சுமக்கின்றன. அந்தத் தகடு உள்ளே அரித்துப்போனால் வண்டி நடுவில் தொய்கிறது. நடு தொய்ந்தால் கதவு நிற்கும் இடத்தின் மேல்வாய் கூடுகிறது. எம்.ஜி.பி.யிலும் இதே கதைதான். அங்கே சில் தகடு உள்ளும் புறமும் நடுவிலுமாகப் பல அடுக்கு. சரியாக மாற்றுவது இன்னும் பெரிய வேலை.

"வெளித் தகடு புதுசாத்தான் இருக்கே, மேஸ்திரி?" என்றார் அண்ணன்.

"செத்த தகட்டு மேலயே புதுத் தகட்டை வச்சுப் பத்தியிருப்பான், தம்பி. கல்யாண வீட்டுல சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி" என்றார் என் தந்தையார்.

அண்ணனுக்குச் சிறிது வருத்தம். ஒரு படத்தைப் பார்த்தே எப்படிச் சொல்லமுடியும் என்று நினைத்திருப்பார். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன். அன்றிரவு எனக்கு ஒரு வழி அகப்பட்டது. இங்கிலாந்தில் மூன்று வயது கடந்த கார்கள் ஆண்டுதோறும் எம்.ஓ.டி. என்னும் தகுதிச் சோதனைக்குப் போகவேண்டும். 2005 முதலான அச்சோதனைகளின் முடிவுகளைப் பதிவெண்ணைக் கொடுத்து யார் வேண்டுமானாலும், எங்கிருந்து வேண்டுமானாலும், இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 2018 மே மாதம் முதல், பெரிய மாறுதல் செய்யப்படாத நாற்பது வயது கடந்த வண்டிகளுக்கு அச்சோதனையிலிருந்து விலக்கு அளித்துவிட்டார்கள். சாலை வரியும் அவற்றுக்கு இல்லை. கேட்பதற்குச் சலுகைபோல் இருக்கிறது. ஆனால் அதற்குப்பின் அந்த வண்டியின் அடிவயிற்றை எவரும் பார்த்திருக்கவேண்டிய அவசியமில்லை என்பதே அதன் மறுபக்கம். சிவப்பு வண்டியின் கடைசிச் சோதனை 2017-இல் நடந்திருந்தது. அதில் இருபுறச் சில் தகட்டிலும், பின் சக்கரத்தைப் பிடிக்கும் தண்டு உடலோடு சேரும் இடத்திலும் அரிப்பு என்று குறித்திருந்தார்கள். அதற்குப் பின் சோதனையே இல்லை. 'முழுமையாகச் சீரமைக்கப்பட்டது' என்றால் யார், எப்போது, எந்த ரசீதோடு? வேலை நடந்தபோது எடுத்த ஒரு படமாவது உண்டா? அண்ணன் கேட்டார். விற்பவர் வர்ணம் அடித்த ரசீதை மட்டும் அனுப்பினார்.

இருந்தும் அண்ணன் நேரில் போய்ப் பார்த்தார். என் தந்தையார் சொன்னபடி ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போனார். வர்ணத்தில் கீறல் விழாமலிருக்கத்தான் துணி. இரும்புத் தகட்டில் ஒட்டும் காந்தம், பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது. கதவில் ஒட்டியது; மட்கார்டில் ஒட்டியது; சில் தகட்டின் பின்கோடியில் வைத்தபோது நழுவித் தரையில் விழுந்ததாம். அடியில் கறுப்புத் தார்ப்பூச்சு புதிதாக, கெட்டியாக இருந்தது. முன்பணம் அனுப்பவில்லை.

பட்டறைப் பேச்சு வகுப்பறையோடு சேர்ந்த இடம் இனித்தான் வருகிறது. துரு என்பது ஒரு மின்வேதி நிகழ்ச்சி என்று நாம் படித்திருக்கிறோம். இரும்பு எலெக்ட்ரான்களை இழந்து அயனியாகக் கரையும் இடம் நேர்மின்வாய். ஆக்சிஜனும் நீரும் அந்த எலெக்ட்ரான்களைப் பெற்று ஹைட்ராக்சில் அயனியாகும் இடம் எதிர்மின்வாய். இரண்டும் சேர்ந்து இரும்பு ஹைட்ராக்சைடாகி, பின் நீரேறிய ஆக்சைடாகப் பழுக்கிறது. பாடநூலில் ஆணி ஒன்றைத் தண்ணீரில் போட்ட படம் இருக்கும். அதில் விளங்காத ஒன்று, சேறு அப்பிய இடத்தில் ஏன் அதிகம் அரிக்கிறது என்பது. காற்று படும் இடத்தில்தானே ஆக்சிஜன் அதிகம்? அங்கேயல்லவா துரு ஏறவேண்டும்? விடை இதுதான்: ஆக்சிஜன் மிகுந்த இடம் எதிர்மின்வாயாகிப் பிழைத்துக்கொள்கிறது; ஆக்சிஜன் எட்டாத, சேற்றுக்கு அடியிலுள்ள இடம் நேர்மின்வாயாகிக் கரைகிறது. குற்றம் ஓரிடம், தண்டனை வேறிடம்! சில் தகட்டுக்குள் மழைநீர் வடிவதற்காகக் கீழே சிறு துளைகள் வைத்திருப்பார்கள். சேறும் இலைச்சருகும் அத்துளைகளை அடைத்தால் உள்ளே ஈரம் தங்கும். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் சாலையில் பனி உறையாமலிருக்க உப்புத் தூவுகிறார்கள். உப்புக் கரைசல் மின்சாரத்தை நன்கு கடத்தும். குளோரைடு அயனியோ இரும்பின்மேல் படியும் காப்புப் படலத்தைச் சிதைக்கும். வெளியே மெருகு குலையாமல் உள்ளிருந்து அரிப்பது இதனால்தான். துருவுக்கு இரும்பைவிடப் பருமன் பல மடங்கு. ஆகவே வர்ணத்தில் ஒரு சிறு கொப்புளம் தெரிந்தால், அம்மைபோல், உள்ளே விஷயம் எப்போதோ தொடங்கிவிட்டது என்று கொள்ளவேண்டும். துருவின்மேல் தார் பூசுவது ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதாகும்.

நான் இதை ஒரு மாலை என் தந்தையாரிடம் விளக்கினேன். அவர் கேட்டுவிட்டு, "அதனாலதான் நாங்க மொதல்ல தண்ணி ஓட்டையைக் குத்தி விடுவோம்" என்றார். மின்வாய் என்ற சொல் அவருக்குத் தெரியாது. எந்தத் துளையைக் குத்தவேண்டும் என்று எனக்குத் தெரியாது.

மஞ்சள் வண்டிக்கு வருவோம். கதவுச் சந்து மேலும் கீழும் ஒரே அளவு. ஜாக்கியை வைத்து ஒரு பக்கத்தைத் தூக்கிக் கதவைத் திறந்து மூடச் சொன்னார் என் தந்தையார், தடையின்றி மூடியது. தொய்ந்த வண்டியாயிருந்தால் தூக்கும்போது சந்து மாறும், கதவு இடிக்கும். காந்தம் எங்கும் விழவில்லை. இடப்பக்கக் கால்வைக்கும் தளத்தில் மட்டும் உள்ளங்கையளவு துரு. டிக்கி விரிப்பைத் தூக்கிப் பார்த்ததில் ஸ்டெப்னி டயர்க் குழியில் ஈரமில்லை.

எஞ்சினைச் சோதிக்க ஒரு சுலபமான வழியை அங்குள்ள ஸ்பிட்ஃபயர்க்காரர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். ஒருவர் கிளட்சை மிதிக்க, மற்றவர் எஞ்சின் முன்னாலுள்ள பெல்ட் கப்பியைக் கவனிக்கவேண்டும். கப்பி கண்ணுக்குத் தெரியும்படி முன்னால் நகர்ந்தால், கிராங்க் தண்டின் முன்பின் ஆட்டத்தைத் தடுக்கும் அரைவட்ட வளையங்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள். விட்டுவிட்டால் அவை கழன்று எண்ணெய்த் தொட்டியில் விழும். பிறகு எஞ்சின் கட்டையே பாழ். மஞ்சள் வண்டியில் கப்பி அசையவில்லை. 1493 சி.சி. எஞ்சினைவிட 1296 சி.சி. எஞ்சின் அடிப்பாகத்தில் பொறுமைசாலி என்று பெயரும் உண்டு. 1970-க்கு முந்திய ஸ்பிட்ஃபயர்களில் வளைவில் வேகமாகத் திரும்பினால் பின் சக்கரம் உட்புறமாக மடங்கும் குறை இருந்தது. அவ்வாண்டு வந்த நான்காம் வகையில் பின் வில்லின் அமைப்பை மாற்றிக் குறையைப் பெரிதும் தீர்த்துவிட்டார்கள். 1972 வண்டியாதலால் அந்தக் கவலையும் இல்லை.

எரிபொருளிலும் நம் பாடம் இருக்கிறது. பழைய பெட்ரோலில் டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைக் கலந்தார்கள். எஞ்சின் தட்டாமலிருக்கத்தான் கலந்தது. ஆனால் எரிந்தபின் அதன் ஈயச் சேர்மங்கள் வால்வு உட்காரும் இடத்தில் மெல்லிய படலமாகப் படிந்து, வால்வும் இரும்பு இருக்கையும் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிப் பிய்ந்துவராமல் காத்தன. நஞ்சு என்பதால் 2000 ஜனவரி முதல் அங்கே ஈயப் பெட்ரோல் விற்பனை நின்றது. ஆகவே சிலிண்டர் தலைப்பில் கடினமான எஃகு வளையம் பதிக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டு, ரசீதையும் பார்க்கவேண்டும். 2021 செப்டம்பர் முதல் அங்கே சாதாரணப் பெட்ரோலில் பத்து விழுக்காடுவரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும்; பழைய ரப்பர்க் குழாய்களைக் கெடுக்கும். குழாய்களை மாற்றிவிட்டு, ஐந்து விழுக்காட்டுக்கு மேற்படாத உயர்தரப் பெட்ரோலையே இப்படிப்பட்ட வண்டிகளுக்குப் போடுகிறார்கள்.

ஆவணங்களைப் பற்றி ஒரே வார்த்தை. வி5சி என்னும் பதிவுச் சான்று நம் ஆர்.சி. புத்தகம் போன்றது. ஆனால் அதில் இருப்பது வண்டியை வைத்திருப்பவர் பெயரே; அது உரிமைக்குச் சான்றன்று என்று அதிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். ஆகவே விற்பவரிடம் கையெழுத்திட்ட ரசீது கட்டாயம் வேண்டும். வண்டியிலுள்ள தகட்டு எண் அச்சான்றோடு பொருந்தவேண்டும்.

வாங்குவது என்று முடிவானபின்தான் எதிர்பாராத ஒன்று நடந்தது. முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து எஃகுத் தண்டின் அடி, திருகு மரையாக ஒரு வெண்கலக் கட்டைக்குள் இறங்கியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையில் சுழலும். டிரன்னியன் என்று பெயர். ஹெரால்டுக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் இது பொது. "அதுக்கு நல்லா கிரீஸ் அடிக்கச் சொல்லு, தம்பி" என்றார் என் தந்தையார். அண்ணன் அனுப்பியிருந்த கம்பெனிக் கையேட்டை நான் அப்போதுதான் படித்துக்கொண்டிருந்தேன். அதில் கிரீஸ் என்று இல்லை. கியர் பெட்டிக்கு ஊற்றுவது போன்ற கெட்டி எண்ணெய் என்று தெளிவாக இருந்தது. கிரீஸ் நாளடைவில் இறுகி மரையின் அடிவரை போகாது. அங்கே நீர் தங்கும். எஃகும் வெண்கலமும் நீரில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும், எஃகு கரையும். ஒரு நாள் திரும்பும்போது தண்டு முறிந்து சக்கரம் படுத்துவிடும்.

நான் படித்துக் காட்டியதைக் கேட்டு என் தந்தையார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: அவருக்குப் பதினேழு வயதிருக்கும்போது, பட்டறையில் கிரீஸ் அடித்து அனுப்பிய ஒரு ஹெரால்டு, புறவழிச் சாலைத் திருப்பத்தில் முன் சக்கரம் மடிந்து நின்றுவிட்டதாம். நல்ல வேளை, யாருக்கும் அடியில்லை. பள்ளத்தில் விட்டதால் ஒடிந்தது என்று டிரைவர்மேல் பழிபோட்டு அவரை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். "நான்தான் கிரீஸ் அடிச்சேன். எல்லா வண்டிக்கும் அதைத்தான் அடிச்சோம்" என்றார். அந்தக் கையேடு அன்று பட்டறை அலமாரியிலேயே இருந்ததாம். படிக்க அங்கே ஒருவருக்கும் தெரியாது.

"தம்பிக்குச் சொல்லிடு, கிரீஸ் வேணாம், எண்ணெய்னு. நான் சொன்னது தப்புன்னு சொல்லிடு" என்றார். அப்படியே சொன்னேன்.

அண்ணன் மஞ்சள் வண்டியை 4,000 பவுண்டுக்கு முடித்தார். டிரன்னியனைக் கழற்றிப் பார்த்ததில் ஒரு பக்கத்து மரையில் குழி விழுந்திருந்தது. இரு பக்கமும் புதிதாக மாற்றிவிட்டார். பிரேக் சிலிண்டர்கள், ரப்பர்க் குழாய்கள், நான்கு டயர்கள் மாற்றியாயிற்று. டயரில் மேலுக்கு வரி நன்றாக இருந்தாலும், பக்கத்திலிருந்த நான்கு இலக்க எண் அவை 2006-ஆம் ஆண்டின் முப்பதாவது வாரத்தில் செய்தவை என்று காட்டிக்கொடுத்தது. முன்விளக்கு ஒன்று எரியாமல் மூன்று வாரம் தேடினார். கடைசியில் எர்த் கம்பியின் முனையில் வர்ணத்தைச் சுரண்டியவுடன் எரிந்ததாம். கட்டாயமில்லை என்றாலும் எம்.ஓ.டி. சோதனைக்குத் தாமே கொண்டுபோய்த் தேறியும் வந்தார். வர்ணம் இன்னும் வெளுத்தபடியே இருக்கிறது. கூரைத் துணிக்கு ஒட்டுப் போட்டிருக்கிறார்.

மாதம் ஒரு முறை திரையில் வண்டியைக் காட்டுகிறார். என் தந்தையார் வண்டியின் அழகைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. "தம்பி, அங்க இப்ப மழையா? தண்ணி ஓட்டையைக் குத்திவிட்டீங்களா?" என்று மட்டும் கேட்கிறார்.